கூடையும் தொட்டிலும்

1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புகைவண்டி புறப்பட்டது. தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி அது! ஆளுநர் ஆரிஸ் பெருமகன் திறந்து வைத்த அந்த நிலையத்தின் நெடிய தூண்கள் இன்றும் நிற்கின்றன. நாள் தெரியும், திறந்தவர் பெயர் தெரியும், வண்டி சென்ற தொலைவும் தெரியும். அந்தத் தூண்களுக்குக் கல் சுமந்த கூலியாள், நண்பகல் வெயிலில் எவளிடம் கூழ் வாங்கிக் குடித்தான்? அதை எழுதி வைத்தார் எவருமில்லை.

வடசென்னையின் வரலாறு இவ்விதமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. துறைமுகத்துக்கு வரலாறு உண்டு. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கி, பின்னாளில் உலகறிந்த டயர் நிறுவனமாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். தொழிலுக்கு வரலாறு உண்டு. 1948இல் பிறந்து எண்ணூரில் ஆலை கண்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்ய வந்த என்ஃபீல்டு, 1970இல் எழுந்து 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் ஆகிய அனைத்துக்கும் வரலாறு உண்டு. ஆலை வாயில்தோறும் அடுப்பு மூட்டி, இட்லிப் பானையை இறக்கி வைத்தவளுக்கு? கப்பற்கூலிக்கு ஆப்பம் சுட்டவளுக்கு? தலையில் கூடை, இடுப்பில் குழந்தை, காலில் வெந்த மணல் என்று தெருத் தெருவாக மீன் விற்றவளுக்கு? வரலாறு இல்லை. அவளுக்கு வாய்த்தது வாய்ச்சொல் ஒன்றுதான்: “குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே ஏதோ சில்லறை வியாபாரமும் செய்கிறாள்!”

‘ஏதோ சில்லறை!’ இந்த இரண்டு சொற்களின் மீதுதான் நாம் வழக்குத் தொடுக்கிறோம்.

மாதரிக்குச் சிலை எங்கே?

பெண் கடை வைப்பதும் விலை பேசுவதும் நேற்றுப் புகுந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அவர்கள் அகநானூற்றைப் புரட்டட்டும். உப்பு வணிகர் மகள் ஒருத்தி வளையல் ஒலிக்கக் கைவீசி நடக்கிறாள். நெல்லுக்கு உப்பு மாற்று என்று தெருவிலே விலை கூறுகிறாள். அவள் குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. நம் முன்னோர் கண்ட வணிகப் பெண் அவள். அவள் குரல் தெருவில் கேட்டது, அதைக் குற்றமென்று புலவர் கூறவில்லை, பாட்டாக்கி வைத்தார்.

சிலப்பதிகாரத்தைத் திறப்போம். ஊர் பெயர்ந்து, உடைமை இழந்து, மதுரைக்கு வந்த கண்ணகிக்கு அடைக்கலம் அளித்தவள் யார்? மாடமாளிகைச் சீமாட்டியா? அல்லள். ஆயர் குல முதுமகள் மாதரி! அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை அவளுடையது. பாலும் மோரும் நெய்யும் அவள் தொழில். மகள் ஐயை அவள் குடும்பம். தொழிலையும் குடும்பத்தையும் தாங்கி நின்ற அந்த இரு கைகள்தாம், மூன்றாவதாக ஓர் அகதிப் பெண்ணையும் தாங்கின. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது, எழுந்தது நன்று. ஆனால் சோறிட்டு நிழல் தந்த மாதரியை எத்தனை பேர் நினைக்கிறோம்? கற்பைக் கொண்டாடிய நாடு, கைத்தொழிலைக் கொண்டாட மறந்தது. நம் குற்றச்சாட்டின் முதற் பத்தி இது.

முதலை ஆண்டவள், முதலுக்கு ஆளானாள்

இனி ராயபுரக் கடற்கரைக்கு வருவோம். கட்டுமரம் கரையேறிய காலத்தை எண்ணிப் பாருங்கள். கடலுக்குச் சென்றவன் கணவன். கரையில் காத்து நின்றவள் மனைவி. அவன் பிடித்து வந்த மீன், மணலில் இறங்கியதும் அவள் கைக்கு வரும். எது வீட்டுக்கு, எது தெருவுக்கு, எது உப்பிட்டுக் கருவாட்டுக்கு என்று பிரிப்பவள் அவள். கூறு கட்டி விலை வைப்பவள் அவள். ‘கடல் அவனுக்கு, கரை அவளுக்கு’ என்று வேலை பிரிந்திருந்தது. வறுமை இருந்தது, வசதி இல்லை, எனினும் சரக்குக்காக அவள் எவரிடமும் கையேந்தவில்லை. அவன் வலையே அவள் கடை.

1950களின் நடுவிலிருந்து விசைப்படகுகள் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் விலை வந்தது. கட்டுமரம் ஒதுங்கி மணலில் ஏறிய மீன், ஒரே இடத்தில் குவியத் தொடங்கிற்று. 1984இல் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. வளர்ச்சிதான், மறுப்பார் யார்? ஆனால் வளர்ச்சி வந்த வழியில் எவர் நின்றார், எவர் வீழ்ந்தார் என்று பார்ப்பது வரலாற்றின் கடமை. படகு இன்னொருவனுடையது, கணவன் அதில் பங்குக்குச் செல்லும் ஆள். பிடித்த மீன் மனைவி கைக்கு வரவில்லை, ஏலத்துக்குப் போயிற்று. ஏலத்திலே ஏற்றுமதியாளர் நின்றார். பனிக்கட்டியும் வண்டியும் கொண்ட மொத்த வியாபாரி நின்றார். அவர்களுக்கு நடுவே அவளும் கூடையோடு நின்றாள்.

நேற்று வரை மீனுக்கு உரியவள்; இன்று மீனை விலைக்கு வாங்குபவள்! ஏலம் கேட்க ரொக்கம் வேண்டும். விடியுமுன் வேண்டும். கையிலோ காசு இல்லை. இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொண்டால், அவள் வாழ்வின் பிற துன்பங்கள் அனைத்தும் புரியும். வலை பின்னும் வேலையும் அவள் கையில் ஒரு பங்கு இருந்தது. நைலான் வலையும் எந்திரமும் வந்து அதையும் கொண்டு சென்றன.

முதலை ஆள்பவர் முதலாளி என்கிறோம். அவளும் முதல் போடுகிறாள்; இலாப நட்டத்தை ஏற்கிறாள்; வாங்குவோர் முகம் பார்த்து விலை நிறுத்துகிறாள். பகல் ஏறினால் அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு, வெயிலோடு பந்தயம் கட்டி விற்கிறாள். பொருளியல் நூல் கூறும் இலக்கணம் அத்தனையும் பொருந்துகிறது. ஆயினும் அவளை முதலாளி என்று எவரும் அழைத்ததில்லை. காரணம், அவள் முதலை ஆளவில்லை; முதல் அவளை ஆள்கிறது. அந்த முதலின் பெயர் தண்டல்.

தண்டலின் கணக்கைச் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். நூறு ரூபாய் கடன் என்பான். கையில் தருவது தொண்ணூறு. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி பத்து ரூபாய்தானே, பெரிதா என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அவள் திருப்பிக் கட்டுகிறாள். ஐம்பதாம் நாளில் பாதிக்கு மேல் கட்டியாயிற்று. நூறு நாளுக்கும் சராசரி பார்த்தால் அவள் கையிலிருந்த முதல் ஏறத்தாழ நாற்பத்தைந்து ரூபாய்தான். நாற்பத்தைந்துக்கு நூறு நாளில் பத்து என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பதைத் தொடுகிறது! மழை பெய்தால் மீன் விற்காது; தண்டல்காரன் வருவான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவள் கூடை எடுக்கமாட்டாள், தண்டல்காரன் வருவான். கடன் கொடுத்தவனுக்கு ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை, பேறுகாலமும் இல்லை.

அத்தனை கொடிய வட்டிக்கு ஏன் வாங்கினாள்? மடமையாலா? இல்லை, தோழர்களே! வங்கி ஈடு கேட்டது. ஈடு வைக்க அவள் பெயரில் ஒரு சாண் நிலம் இல்லை. வீடு தந்தை பெயரில், பிறகு கணவன் பெயரில், பிறகு மகன் பெயரில். அவள் பெயர் எதிலும் இல்லை. கூடை மட்டுமே அவளது. கூடையை எந்த வங்கி ஈடாக ஏற்கும்?

1929

இந்த முடிச்சைத் தொலைநோக்கோடு கண்டவர்கள் இருந்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பலர் நகைத்தனர், குடும்பம் குலையும் என்றனர். சொத்துரிமை என்றதும் செல்வச் சீமான் வீட்டுப் பெண்ணைத்தான் நினைத்தனர். நகை, நிலம், மாளிகை என்று கணக்கிட்டனர். உண்மையில் அந்தத் தீர்மானம் எண்ணூர்க் கழிமுகத்துக் குடிசைக்கும் உரியது. ஒரு பெண் பெயரில் ஒரு குழி மனை இருந்தால் அது வெறும் மனையன்று; அது ஈடு, அது முதல், அது தண்டல்காரனைத் திருப்பி அனுப்பும் துணிவு.

தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டு மார்ச் 25 முதல், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குள்ள பங்கை அளித்தது. ஆனால் அதற்கு முன்பே மணமான பெண்களுக்கு அந்தப் பங்கு இல்லை. இந்திய நாடு முழுவதற்கும் அத்தகைய உரிமை வந்தது 2005இல். அறுபது ஆண்டு என்பது ஏட்டில் ஒரு வரி. கடற்கரையில் அது மூன்று தலைமுறை: பாட்டி, தாய், மகள்! மூவரும் தண்டல் கட்டியே காலம் கழித்த அறுபது ஆண்டு.

அதே 1929இன் இறுதியில் ஆப்பிரிக்காவில் நடந்த ஒன்றையும் நாம் மறத்தற்கில்லை. நைசீரியாவின் தென்கிழக்கில், பனை எண்ணெயும் கிழங்கும் விற்ற சந்தைப் பெண்கள், தம்மீது வரி வரப்போகிறதென்று கேள்வியுற்றுத் திரண்டனர். ஆயிரக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று ஆட்சியாளர் வாயிலில் அமர்ந்தனர். வெள்ளை அரசின் துப்பாக்கிக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இரையாயினர். ஆயினும் பெண்கள் மீது வரி போடும் எண்ணம் கைவிடப்பட்டது, ஆட்சிமுறையே மாற்றியமைக்கப்பட்டது. கூடைக்காரி என்று இகழப்பட்டவள் பேரரசைப் பின்வாங்க வைத்தாள். எப்படி முடிந்தது? தனித்தனியே இரங்கவில்லை, ஒன்றாக எழுந்தாள். அதுதான் மருந்து. அந்த மருந்து நம் ஊருக்கு வர இன்னும் காலம் பிடித்தது.

கூடைகள் கூடியபோது

1969இல் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972இல், மிக எளியோர்க்கு ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வட்டியில் கடன் என்ற திட்டம் வந்தது. ஒருபுறம் நான்கு, மறுபுறம் எண்பது! நான்கைத் தேடி ஓடியிருக்க வேண்டுமே அவள்? ஓட முடியவில்லை. விண்ணப்பத் தாளில் எழுத்துகள். அவளுக்குக் கையெழுத்துக்கே வழியில்லை. மேசைக்குப் பின்னால் ஆண். அவள் சேலையிலோ மீன் வாடை. அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. அவள் தெருவில் நிற்க வேண்டிய நேரமும் அதுவே. சட்டம் கதவைத் திறந்து வைத்தது; வாயிற்படி மட்டும் அவள் தலைக்கு மேலே இருந்தது.

1978இல் அந்தப் படியில் ஏறிக் காட்டியவர் செயா அருணாசலம் அம்மையார். காங்கிரசுக் கட்சியில் பணியாற்றியவர். வெள்ளத்தால் சீரழிந்த சென்னைக் குடிசைப் பகுதிகளில் உதவி வழங்கச் சென்றபோது, அங்குள்ள பெண்கள் வேண்டியது பழஞ்சேலையையும் அரிசியையும் அன்று, தொழிலுக்கு முதலை என்று கண்டார். அவ்வாண்டு ஏறத்தாழ 800 பெண்களுடன் ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’, அதாவது உழைக்கும் மகளிர் மன்றம், சென்னையில் தோன்றியது. இட்லி விற்பவள், பூக்கட்டுபவள், காய்கறிக்காரி, மீன்காரி, பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றுபவள் என்று தெருவையே கடையாகக் கொண்டவர்கள் அதன் உறுப்பினர்.

அது செயற்பட்ட முறை எளியது. எளிமையிலே வலிமை இருந்தது. ஒரே தெருவில் வாழும் பெண்கள் பத்து இருபது பேர் ஒரு குழு. அவர்களுள் ஒருத்தி தலைவி. வெளியிலிருந்து வந்த அறங்காவலர் அல்லர், அவளும் ஒரு கூடைக்காரி. ஒருத்தி வாங்கும் கடனுக்கு மற்றவர் அனைவரும் பொறுப்பு. நிலம் ஈடாக இல்லையா? தோழமையே ஈடு! தலைவி உடன் சென்று படிவம் நிரப்ப உதவுவாள். வங்கி மேலாளர் முன் நிற்பாள். தவணை தவறாமல் பார்த்துக்கொள்வாள். ஏழைப் பெண் கடனைத் திருப்ப மாட்டாள் என்ற கதையை அவர்கள் ஒழுங்காகக் கட்டியே பொய்யாக்கினர். வங்கிகளின் காலத்தாழ்வு பொறுக்காமல், 1981இல் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் அமைத்துக்கொண்டனர். பின்னர் அம்முயற்சி திண்டுக்கல்லின் பால் மாட்டுக்காரப் பெண்கள், அதிராம்பட்டினத்து மீனவப் பெண்கள், வேலூரின் பீடி சுற்றும் பெண்கள் வரை சென்றது. 1987இல் அம்மையார்க்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது; 2019இல் அவர் மறைந்தார்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பல சாதியும் பல சமயமும் ஒரே குழுவில் அமர்ந்தன. தவணைப் பணம் ஒரே பெட்டியில் விழுந்தது. அந்த மன்றம் சாதி மறுப்புத் திருமணங்களை, வரதட்சிணை இல்லாமல், மேடையிட்டு நடத்தியது. அம்மையார் தாமும் சாதி கடந்து மணந்தவர். பணத்துக்காகத் திரண்ட கூட்டம் பழைமையையும் உடைத்தது. உண்ணும் சோறும் உடைக்க வேண்டிய தளையும் வேறு வேறல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழகம் மட்டுமா? 1974இல் அகமதாபாத்தில், சேவா சங்கத்தைச் சேர்ந்த நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தம் வங்கியைக் கண்டனர். 1975இல் பம்பாயில், ஆலைத் தொழிலாளர்க்கு வீட்டில் சோறு சமைத்துப் போட்ட பெண்கள், பிரேமா புராவ் அம்மையார் முன்னிற்க, அன்னபூர்ணா மகளிர் மன்றமாகத் திரண்டனர். ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்க்குக் கடனாகச் சோறிட்டு, அந்தப் போராட்டத்தைத் தாங்கியவர்கள் அவர்கள். கொடி பிடித்தவன் பெயர் நிலைத்தது. கொடி பிடித்தவன் கை தளராமல் சோறிட்டவளை வரலாறு பின்னரே கண்டது. பம்பாயில் நிகழ்ந்ததும் நம் ஆலை வாயிலில் நிகழ்ந்ததும் ஒன்றே.

தொட்டிலை ஆட்டுவது யார்?

கூடைக்கு முதல் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். தொட்டில்? இங்கேதான் நல்லோர் பலரும் தடுமாறுகின்றனர். “தொழிலையும் குடும்பத்தையும் ஒருங்கே சமாளிப்பது எப்படி?” என்று பெண்ணிடம் கேட்கின்றனர். புன்னகையோடு கேட்கின்றனர், பாராட்டாகவும் கேட்கின்றனர். எந்தப் பட்டறைக்காரனிடமாவது, எந்தப் படகுக்காரனிடமாவது இக்கேள்வியைக் கேட்டதுண்டா? “ஐயா, கடையையும் பார்த்துக்கொண்டு குழந்தைக்கு எப்படிச் சோறூட்டுகிறீர்?” என்று எவரேனும் வினவியதுண்டா? கேள்வியே ஒருதலை. தராசின் இரு தட்டிலும் பாரத்தை ஏற்றி, முள்ளையும் அவளே பிடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டு, “சமமாக நிறுத்துகிறாயா?” என்று கேட்பது நீதியா?

2019இல் இந்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொன்னது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். அத்தகைய வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி எங்கே, ஒன்றரை மணி எங்கே! அந்த மூன்றரை மணிதான் அவளிடமிருந்து நாள்தோறும் வசூலிக்கப்படும் மற்றொரு தண்டல். இதற்கு ரசீது இல்லை. இது நூறு நாளில் தீர்வதும் இல்லை.

சட்டம் அவளைக் கண்டதா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பறை வேண்டுமென்று விதித்தது. பின்னர் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைந்தது. நல்ல சட்டம். ஆனால் அது மதிலுக்கு உள்ளே நின்றவளுக்கு. மதிலுக்கு வெளியே, அதே ஆலையின் நிழலில் இட்லி விற்றவளுக்கு எந்தக் காப்பறை? அவளே முதலாளி, அவளே தொழிலாளி. எந்தச் சட்டத்தின் கீழ் யார் யாருக்குக் காப்பறை கட்டுவது? அவள் குழந்தைக்குக் காப்பறை, கூடைக்குப் பக்கத்தில் விரித்த கோணிப்பை.

1987இல் தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மார்க்கு மகப்பேறு உதவி தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி பெயரால் வளர்ந்த அத்திட்டம், முந்நூறு ரூபாயில் தொடங்கி 2018இல் பதினெட்டாயிரம் ஆயிற்று. எந்த ஆலையில் வேலை, எந்த முதலாளியிடம் சம்பளம் என்று கேளாமல், ஏழைத் தாய்க்கு அளிக்கப்பட்ட உதவி அது. கூடைக்காரிக்கும் பேறுகாலம் உண்டு என்று நாடு ஒப்புக்கொண்ட நாள் என்றே அதனைக் கொள்கிறோம்.

இன்னும் ஒன்று. பள்ளியில் சோறிடும் திட்டத்தைக் கல்வி வரலாற்றில் எழுதுகிறோம்; பெண்ணின் தொழில் வரலாற்றிலும் எழுத வேண்டும் என்பது நம் துணிபு. 1920இல் சென்னை மாநகராட்சியில், வடசென்னையைச் சேர்ந்த பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு தொடங்கிற்று. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. குழந்தை பசியாறியது, படிப்பில் நிலைத்தது, எல்லோரும் அறிந்ததே. ஆனால் காலையில் ஓர் அடுப்பு குறைந்தபோது, ஒரு தாய்க்கு ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்ததே, அதை எண்ணிப் பார்த்தோமா? ஏலத்துக்கு விடியுமுன் ஓட வேண்டியவள், “பிள்ளை பட்டினியாகப் பள்ளிக்குப் போகுமே” என்று பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தாளே, அதுவன்றோ அவளுக்குக் கிடைத்த முதல்! சோறு மகனுக்கு, நேரம் தாய்க்கு. சமுதாயம் தொட்டிலின் ஒரு கயிற்றைத் தானும் பிடித்தால், கூடை எவ்வளவு இலேசாகிறது பாருங்கள்.

முடியாத கணக்கு

எல்லாம் தீர்ந்ததா? தீரவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனம் பெருகத் தடை வேண்டும், ஏற்கிறோம். அந்நாட்களில் கூடையும் பெரும்பாலும் கவிழ்ந்தே கிடக்கிறது. மீனவ மகளிர் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500ஆகத் தரும் திட்டம் உண்டு. அவளைச் சேமிப்பவள் என்று மதிக்கும் முறை என்பதால் போற்றுகிறோம். மாதக் கணக்கில் பகுத்துப் பார்த்தால் போதாதென்றும் சொல்கிறோம்.

2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகில் எண்ணெய், வலையில் எண்ணெய், அலையாத்தி மர வேரிலும் எண்ணெய். கடலில் விழுந்த கறையைக் கருவியால் அள்ளலாம்; “எண்ணூர் மீனா? வேண்டாம்!” என்று வாங்குவோர் மனத்தில் விழுந்த கறையை எதனால் அள்ளுவது? அதைத் தெருவில் நின்று துடைக்க வேண்டியவள் அவளே. தொழில் வளம் ஊருக்கு என்பர். தொழிற்கழிவு மட்டும் அவள் கூடைக்கா?

கடனும் புது வேடம் கொண்டது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள், 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தன. எண்ணற்றோர்க்கு வங்கி வாயிலைக் காட்டின. ஆனால் அதே குழுப் பொறுப்பைத் தனியார் கடன் நிறுவனங்கள் சில கையில் எடுத்தபோது, தோழமை ஈடாக இருந்தது போய்த் தோழமையே கயிறாயிற்று. ஒருத்தி தவறினால் பத்துப் பேர் அவள் வாயிலில் நிற்க வேண்டும்! 2010இல் ஆந்திரத்தில் கண்ட கொடுமை அது. 2025இல் தமிழகச் சட்டப்பேரவையும் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. கடன் வேறு, விடுதலை வேறு. கடனை எவர் தருகிறார், எவர் நெறிப்படுத்துகிறார், குழு யார் கையில் என்பதே கேள்வி. 1978இல் குழு பெண்கள் கையில் இருந்தது. வெற்றியின் மறைபொருள் அதுவே.

தெருவில் உட்காரவும் அவளுக்கு உரிமை வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று எழுதியது. எழுதியதைக் கேட்டுப் பெறுங்கள், தாய்மாரே! அந்த நாற்காலியில் அமருங்கள். கடைக்கு நிழல், குடிநீர், கழிப்பிடம், குழந்தைக்கு ஒரு காப்பிடம் என்று நான்கையும் அங்கே கேளுங்கள். பிச்சையாக அல்ல, நகரத்துக்குச் சோறிட்டவர் கேட்கும் பாக்கியாக!

ஆடவர்க்கும் ஒரு சொல். பெண்விடுதலை பேசும் மேடைக்கு வருகிறோம், கை தட்டுகிறோம், வீடு திரும்பியதும் “சோறு ஆயிற்றா?” என்று கேட்கிறோம். மேடையில் முழங்கியதை அடுப்படியில் மெய்ப்பிக்காத கொள்கை, கொள்கையாகாது. விடியுமுன் அவள் ஏலத்துக்குப் போகிறாளா? பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டுவது நம் வேலை. அவள் கூடை இறக்கி வருகிறாளா? குடத்தில் நீர் இருக்க வேண்டியது நம் பொறுப்பு. இதில் இழிவு இல்லை. இதைச் செய்யாமல் அவள் உழைப்பில் உண்பதே இழிவு.

ராயபுரம் நிலையத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. வரலாறு அவற்றை மறக்கவில்லை. அந்தத் தூண்களுக்குக் கல் சுமந்தவனைத் தாங்கிய தூண் ஒன்று, தலையில் கூடையோடும் இடுப்பில் குழந்தையோடும் இன்றும் நம் தெருவில் நடக்கிறது. அவளுக்குச் சிலை எழுப்பச் சொல்லி நாம் கேட்கவில்லை. தொட்டிலின் கயிற்றில் கைவைக்கச் சொல்கிறோம். கூடையைச் சுமக்கும் வலிமை அவளுக்கு என்றும் உண்டு. தொட்டிலையும் தனியே சுமக்க வைத்த கொடுமைதான் ஒழிய வேண்டும்.